மண்ணைத் திறக்கும் முன் எழுத வேண்டியவை: ஒப்பந்த ஆவணம் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

கட்டுமானத் திட்டங்களுக்கு ஒப்பந்த ஆவணமும் வேலை அட்டவணையும் தயாரிக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றைப் படித்துப் பார்த்து ஒப்புதல் அளிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நீங்கள் தயாரிக்கும் ஆவணங்களில் கம்பியின் விட்டம், கான்கிரீட்டின் தரம், வார்த்த தளத்தை எத்தனை நாள் நனைத்து வைக்க வேண்டும் என்பது வரை ஒவ்வொன்றுக்கும் தனி இடம் இருக்கிறது. வெட்டித் திறக்கப்படும் மண்ணும் அதன் மேல் பெய்யப்போகும் மழையும் மட்டும் பெரும்பாலும் பொது நிபந்தனைகளுக்கு நடுவே ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன: மண்ணரிப்பைத் தடுக்கத் தேவையான ஏற்பாடுகளை ஒப்பந்ததாரர் தம் செலவில் செய்துகொள்ள வேண்டும். அந்த வரிக்கு அளவு கிடையாது, விலை கிடையாது, எந்தத் தேதிக்குள் என்பதும் கிடையாது. மிகக் குறைந்த தொகைக்கு டெண்டர் எடுத்தவர் அந்த வரியை எப்படிப் படிப்பார் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. தளத்தின் தாழ்வான ஓரத்தில், அடித்து வரும் மண்ணை மறிக்க ஒரு தடுப்புத் துணியைக் கட்டிவிட்டு, மழை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜேசிபியை உள்ளே விடுவார். கட்டுமானத் தளங்களில் மழைநீர் ஏற்பாடுகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அந்த அறிக்கைகளில் ஒப்பந்ததாரரின் பெயருக்கு எதிரே எழுதப்படும் குறைகளில் பாதிக்கு மேல் அவர் தளத்துக்கு வருவதற்கு முன்பே, உங்கள் மேசையில் உருவானவை என்பது என் துணிபு.

மழை வெற்று மண்ணை என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பெரிய மழைத்துளி ஒன்று வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. புல்லோ சருகோ இருந்தால் அடி அதன் மேல் விழும். இல்லையென்றால் மண் கட்டி உடைந்து துகளாகச் சிதறும். மழைத்துளியின் இந்த அடியே அரிப்பின் முதல் கட்டம் என்பதை அமெரிக்க மண் ஆய்வாளர் எல்லிசன் 1940-களிலேயே விளக்கிவிட்டார். சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ள, மேற்பரப்பில் மெல்லிய ஓடு போன்ற ஒரு படலம் உருவாகிறது. நீர் உள்ளே இறங்குவது குறைந்து மேலேயே ஓடத் தொடங்குகிறது. போதாக்குறைக்கு, லாரியும் ரோலரும் ஏறி இறங்கிய மண் ஏற்கெனவே இறுகிப்போயிருக்கும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் பெய்யும் 10 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு இலட்சம் லிட்டர் நீர். அதில் பெரும்பகுதி உள்ளே இறங்காமல் சரிவின் வழியே போகிறது என்றால், முதலில் தகடுபோல் பரவி ஓடும் நீர் சில மீட்டர்களுக்குள் விரல் அகலச் சால்களாகச் சேரும். கவனிக்காமல் விட்டால் அடுத்த மழைக்குள் அதே சால்கள் ஆள் இறங்கக்கூடிய பள்ளங்களாகிவிடும். கட்டுமானத் தளத்திலிருந்து வெளியேறும் வண்டலின் அளவு, பயிர் நிலத்திலிருந்து வெளியேறுவதைப்போல் 10 முதல் 20 மடங்கும், காட்டு நிலத்தைப்போல் 1,000 முதல் 2,000 மடங்கும் இருக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருக்கிறது.

இவ்வளவும் உங்களுக்குப் பாடப்புத்தகத்தில் வந்ததுதான். ஆனால் இதற்கு அடுத்த கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பது என் ஆதங்கம். கிளம்பிய மண்ணை எல்லையில் பிடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அந்தக் கணக்கின் முன் நிற்காது. துகள்கள் நீரில் இறங்கும் வேகத்துக்கு இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851-இல் தந்த விதியின்படி, அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க, 0.1 மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் துகளுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள வண்டல் துகளுக்கு மூன்று மணி நேரம் ஆகும். அதற்கும் பத்தில் ஒரு பங்கான களித்துகளுக்குக் கிட்டத்தட்ட 13 நாட்கள் ஆகும். பருமன் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. எந்தத் தளத்திலும் மழைநீரை 13 நாட்கள் அசையாமல் நிறுத்திவைக்க இடம் கிடையாது. ஆகவே மணலைப் பிடிக்கலாம், வண்டலில் ஒரு பகுதியைப் பிடிக்கலாம், களி போய்விடும். பாஸ்பரஸும் பல நச்சுப் பொருட்களும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்வது பெரும்பாலும் அந்தக் களியோடுதான். ஓடையைக் கலக்கி ஒளி புகாமல் செய்வதும், மீனின் செவுள்களை உறுத்துவதும் அந்த நுண்துகள்களே. மீன்கள் முட்டையிடும் கூழாங்கற்படுகையின் இடுக்குகளில் அடைந்துகொள்வது அவற்றோடு போகும் வண்டல்.

இதிலிருந்து வரும் முடிவு ஒன்றுதான். மண் கிளம்பாமல் இருக்கச் செய்வதே முதல் வேலை, கிளம்பியதைப் பிடிப்பது இரண்டாம் வேலை. முதல் வேலைக்கான கருவி வேலைகளின் வரிசை. அந்த வரிசை உங்கள் கையில் இருக்கிறது.

மண் இழப்பைக் கணிக்க ஆய்வாளர்கள் விஷ்மையரும் ஸ்மித்தும் வகுத்து, அமெரிக்க வேளாண் துறை 1965-இலும் திருத்திய வடிவில் 1978-இலும் வெளியிட்ட சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மழையின் அரிக்கும் ஆற்றல், மண்ணின் அரிபடும் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், மேற்பரப்பின் மூடாக்கு, பாதுகாப்பு நடைமுறை ஆகியவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் ஆண்டு மண் இழப்பு வரும். முதல் இரண்டும் இயற்கை தருபவை. மற்றவற்றைத் தீர்மானிப்பது வரைபடமும் அட்டவணையும். மூடாக்குக் காரணிக்கு வெற்று மண்ணில் மதிப்பு 1. மிதமான சரிவில் ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோலை ஒழுங்காகப் பரப்பி அது பறக்காதபடி மண்ணோடு பதித்துவிட்டால் அந்த மதிப்பு பத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. கலங்கிய நீரைத் தேக்கி மண்ணை அடியில் படியவைக்கும் வண்டல் குட்டையையும் தடுப்புத் துணியையும் எவ்வளவு நன்றாக அமைத்தாலும் களிமண் தளத்தில் இப்படியொரு பலன் கிடைப்பது அரிது. வைக்கோலுக்குப் பதில் சணல் வலையோ தென்னைநார் விரிப்போ இருக்கலாம். செங்குத்தான சரிவில் அவையே நிற்கும். எதுவானாலும், அதை எப்போது விரிப்பது என்று ஆவணத்தில் எழுதாவிட்டால் அது கடைசி மாதத்தில், நிலத்தை அழகுபடுத்தும் வேலையோடு சேர்ந்துதான் வரும். இடைப்பட்ட மழைக்காலம் முழுவதும் சரிவு வெறுமனே கிடக்கும்.

வேலை அட்டவணைகளில் நான் வழக்கமாகப் பார்ப்பது, நிலத்தைத் துப்புரவு செய்தல் என்ற ஒரே கோடு. முதல் வாரத்தில் தொடங்கி நான்காம் வாரத்தில் முழுத் தளமும் வெறும் மண்ணாகிவிடும். இயந்திரம் வாடகைக்கு வந்திருக்கும்போதே எல்லாவற்றையும் வழித்துவிட்டால் மிச்சம் என்பது அதன் பின்னுள்ள கணக்கு. அப்படி வழித்த நிலத்தில் பாதியில் அடுத்த எட்டு மாதத்துக்கு யாரும் கடப்பாரைகூட வைக்கப்போவதில்லை என்பதும் அதே அட்டவணையில் தெரியும். ஒரு பகுதியைத் திறந்து, மட்டம் முடித்து, மூடிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும் என்று ஏன் எழுதக் கூடாது? ஒரே நேரத்தில் திறந்திருக்கலாம் என்ற பரப்புக்கு ஓர் உச்சவரம்பு குறிப்பிடுங்கள். அதற்கும் முன்பாக, மேட்டு நிலத்திலிருந்து தளத்துக்குள் வரும் வெளிநீரைச் சுற்றி அனுப்பும் வாய்க்காலும், தளத்துக்குள் ஓடும் நீரைச் சேர்க்கும் வண்டல் குட்டையும் வெட்டி முடிக்கப்பட வேண்டும், பிறகே துப்புரவு. பல தளங்களில் குட்டை மூன்றாம் மாதத்தில், முதல் புகார் வந்த பிறகு வெட்டப்படுகிறது. வெளிநீரைத் திருப்பிவிடுவது ஒப்பந்ததாரருக்கும் ஆதாயம் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்: அவர் தளத்தில் சேறு குறையும், மழை விட்டதும் வண்டி சீக்கிரம் நகரும்.

ஓடைக் கரையை ஒட்டிய புல்லும் புதரும் விட்டுவைக்கப்பட வேண்டிய பட்டையாக வரைபடத்தில் காட்டப்பட்டிருக்கும், தளத்தில் அதற்கு அடையாளமே இருக்காது. முதல் இயந்திரம் இறங்குவதற்கு முன் அந்த எல்லையில் கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். அந்தப் பட்டையை அழித்துவிட்டுப் பிறகு செடி நடுவதாகச் சொல்வதில் பொருளில்லை. வேர் பிடித்த புல்லின் வேலையை நேற்று நட்ட கன்று செய்யாது.

சிறிய விஷயம்போலத் தெரியும் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மண் சரிவை வெட்டி முடித்ததும் புல்டோசரை அதன் மேல் ஓட்டி இறுக்குவார்கள். பக்கவாட்டில் ஓட்டினால் செயின் தடத்தின் பட்டைகள் ஒவ்வொன்றும் மேலிருந்து கீழாகக் கோடு போடும். அடுத்த மழைக்கு அவை அத்தனையும் ஆயத்தமான சால்கள். மேலும் கீழுமாக ஓட்டினால் அதே பட்டைகள் சரிவுக்குக் குறுக்கே சிறு சிறு படிகளாகப் பதியும்; நீர் ஒவ்வொரு படியிலும் தயங்கும், விதை அங்கே தங்கும். அதே இயந்திரம், அதே டீசல். ஓட்டுநரிடம் எந்தத் திசை என்று சொல்வது மட்டுமே மிச்சம், அதைச் சொல்ல ஆவணத்தில் அரை வரி வேண்டும். சரிவை வழவழப்பாகத் தேய்த்து மினுக்கினால்தான் வேலை முடிந்ததாகக் கையெழுத்திடும் மேற்பார்வையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

தடுப்புத் துணிக்கு வருகிறேன். பலர் அதை ஒரு வடிகட்டி என்று நினைக்கிறார்கள். அதன் துளைகளை முதல் மழையே அடைத்துவிடும். அது உண்மையில் ஒரு குட்டி அணை: நீரைச் சிறிது நேரம் தேக்கி, கனமான துகளைக் கீழே உட்கார வைப்பதே அதன் வேலை. எனவே அது சமமட்டக் கோட்டில் போக வேண்டும். இரு முனைகளும் சரிவின் மேல்பக்கம் வளைந்திருக்க வேண்டும். கம்பங்கள் நீர் வரும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். துணியின் அடி ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் ஆழச் சாலில் இறக்கப்பட்டு, மண் நிரப்பி இடிக்கப்பட வேண்டும். 100 அடி நீளத் துணிக்குக் கால் ஏக்கர் நிலத்தின் நீருக்கு மேல் வரக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. நான் பார்க்கும் துணிகளில் பெரும்பாலானவற்றின் அடி மண்ணைத் தொட்டுக்கொண்டு மட்டுமே நிற்கிறது. மழைக்கு மறுநாள் குனிந்து பார்த்தால் அதன் கீழே ஒரு கையளவுச் சந்தும், சந்துக்கு வெளியே விசிறிபோல் விரிந்த வண்டலும் தெரியும். சரிவுக்கு இணையாக மேலிருந்து கீழே இழுத்துக் கட்டிய துணி இன்னும் மோசம்: பரவி ஓட வேண்டிய நீரை ஓரிடத்தில் சேர்த்து அதுவே ஒரு வாய்க்காலை வெட்டித் தரும். ஓடும் நீரின் குறுக்கே, வாய்க்காலுக்கு நடுவே கட்டுவது அந்தத் துணியை வீணாக்குவதன்றி வேறில்லை. அங்கே கல் தடுப்பணை வேண்டும். அடுத்தடுத்து வரும் தடுப்பணைகளில் கீழ் அணையின் உச்சி மேல் அணையின் அடிமட்டத்துக்குச் சமமாக இருந்தால்தான் இடைப்பட்ட நீர் வேகம் இழக்கும். துணியின் உயரத்தில் பாதி வரை வண்டல் சேர்ந்தால் அதை அள்ள வேண்டும். யார் அள்ளுவது, அள்ளியதை எங்கே கொட்டுவது, அதற்கு எந்த உருப்படியில் பணம் என்ற மூன்று கேள்விகளுக்கும் உங்கள் ஆவணத்தில் பதில் இல்லாததால்தான் துணி புதைந்து, அதன் மேலேயே நீர் வழிகிறது.

வண்டல் குட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஏக்கருக்கு 3,600 கன அடி என்பது பல விதிமுறைகளில் காணப்படும் கொள்ளளவு. ஏறத்தாழ ஒரு அங்குல மழையின் முழு நீரையும் பிடிக்கும் அளவு அது. ஆனால் கொள்ளளவு சரியாக இருந்தும் நீர் நுழையும் வாயும் வெளியேறும் வாயும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்துவிட்டால், வந்த நீர் குட்டையைச் சுற்றிப் பார்க்காமலேயே போய்விடும். அகலத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு நீளம் இருக்கட்டும். வெளியேற்றம் அடியிலிருந்து அல்லாமல், மிதவையோடு ஏறி இறங்கும் குழாயின் வழியாக மேல்மட்டத் தெளிந்த நீரிலிருந்து நடக்கட்டும். மிக நுண்ணிய களிமண்ணில் துகள்களைத் திரட்டும் பாலிஅக்ரிலமைடு போன்றவை உதவும். அவற்றில் நேர்மின்னூட்டம் கொண்ட வகை மீன்களுக்கு நஞ்சு என்பதால், எதிர்மின்னூட்ட வகையையும் அளவையும் குறிப்பிடாமல் அனுமதி தராதீர்கள்.

மழையே இல்லாத நாளிலும் கலங்கல் வெளியேறுகிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அடித்தளக் குழியில் ஊறிய நீரை மோட்டார் வைத்து இறைத்து, குழாயின் முனையை நேராகத் தெரு வடிகாலில் விடுவது அன்றாடக் காட்சி. அந்த நீரில் குழியின் மண் முழுவதும் கலந்திருக்கும், உறிஞ்சும் முனை சேற்றுக்குள் புதைந்து கிடப்பதே அதற்குக் காரணம். முனையை ஒரு கூடையில் ஜல்லி நிரப்பி அதற்குள் தொங்கவிட்டு, இறைத்த நீரைக் குட்டைக்கு அனுப்பினால் போதும். கான்கிரீட் லாரியின் சரிவுத் தகட்டைக் கழுவிய நீர் வேறு வகை: அதன் காரத்தன்மை பி.எச். 12-ஐ எட்டக்கூடியது, கசியாத தொட்டியைத் தவிர வேறெங்கும் அது விழக் கூடாது. வாசலில் சக்கரத்தின் சேற்றை உதறவைக்கும் பெருஜல்லிப் பாதை 50 அடியாவது இருக்க வேண்டும். சாலைக்கு வந்துவிட்ட சேற்றைப் பெருக்கி அள்ள வேண்டும், நீர் அடித்துக் கழுவி வடிகாலுக்குள் தள்ளக் கூடாது.

இவை நடைமுறைக்கு ஒவ்வாத ஆசைகள் என்று தோன்றினால், எழுதி நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கட்டுமான நிலங்களிலிருந்து ஆறுகளுக்குப் போகும் வண்டலை ஆய்வாளர்கள் வோல்மனும் ஷிக்கும் அளந்து 1967-இல் வெளியிட்டார்கள். 1970-இல் அந்த மாநிலம் வண்டல் கட்டுப்பாட்டுக்குச் சட்டமே இயற்றியது. அந்நாட்டுக் கூட்டாட்சி விதிகள் 1990-இல் 5 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள தளங்களை மழைநீர் அனுமதிக்குள் கொண்டுவந்தன. 2003 முதல் ஒரு ஏக்கர் தளத்துக்கும் அது பொருந்துகிறது. அதற்காகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிடும் பொது அனுமதியின்படி, தளத்தின் எந்தப் பகுதியிலாவது 14 நாட்களோ அதற்கு மேலோ வேலை நின்றிருக்கப்போகிறது என்றால் அப்பகுதியை மூடி நிலைப்படுத்தும் பணியை உடனே தொடங்கியாக வேண்டும். ஆய்வு 7 நாட்களுக்கு ஒருமுறை நடக்க வேண்டும். இல்லையேல் 14 நாட்களுக்கு ஒருமுறையும், கால் அங்குலம் மழை பெய்த ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்குள்ளும் நடக்க வேண்டும். அதே முகமை பெரிய தளங்களுக்கு 280 என்.டி.யு. (நீரின் கலங்கலை அளக்கும் அலகு) என்று ஒரு கலங்கல் வரம்பை 2009-இல் அறிவித்து, எதிர்ப்புகளுக்குப் பிறகு 2014-இல் அதைத் திரும்பப் பெற்றது. வரம்பு எண்ணைச் சுற்றி வழக்காடலாம், வல்லுநர்கள் வாதாடலாம். வேலை நின்ற பகுதியில் திறந்த மண் மூடப்பட்டிருக்கிறதா என்பதில் வாதாட ஒன்றுமில்லை. போய்ப் பார்த்தால் தெரியும். அதனால்தான் எண்ணைவிட வேலையையும் தேதியையும் நிபந்தனையாக எழுதும்படி கேட்கிறேன்.

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அளவுப் பட்டியலில் மண்ணரிப்புக் கட்டுப்பாட்டுக்குத் தனிப் பகுதி திறந்து, வாய்க்காலை மீட்டரிலும் விரிப்பைச் சதுர மீட்டரிலும் குட்டையைக் கன மீட்டரிலும் அளந்து விலை கேளுங்கள். பராமரிப்பை மாதக் கணக்கில் தனி உருப்படியாக்குங்கள். பெருமழைக்குப் பின் மறுபடி அமைப்பதற்கு ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள். அப்போது, நேர்மையாக விலை போட்டவர் அதைப் போடாதவரிடம் டெண்டரை இழக்க வேண்டியிருக்காது. குட்டையும் திருப்பு வாய்க்காலும் ஆய்வில் தேறும்வரை துப்புரவு தொடங்கக் கூடாது என்ற நிறுத்தப் புள்ளியை அட்டவணையிலேயே குறியுங்கள். தளத்தில் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கி, தேவையானால் மண் வேலையை நிறுத்தும் அதிகாரத்தை அவருக்குக் கொடுங்கள்; அதிகாரமில்லாத பொறுப்பாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடுவார். தளத்தின் மேடு பள்ளம் மாதந்தோறும் மாறுவதால், முதல் நாள் வரைந்த மழைநீர் வரைபடம் மூன்றாம் மாதத்தில் வேறொரு நிலத்தின் படமாகிவிடும்; ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிய படம் கேளுங்கள்.

செலவு கூடும் என்பீர்கள். கூடும், மறுக்கவில்லை. ஆனால் அரித்துப்போன சரிவை மறுபடி நிரப்பி இடிப்பதும், மண் மூடிய குழாய்ப் பள்ளத்தை மறுபடி தோண்டுவதும் இப்போதே திட்டத்தின் கணக்கில் வேறு தலைப்புகளில் ஏறிக்கொண்டிருக்கின்றன. அடைத்துக்கொண்ட வடிகாலைத் தூர்வாருவதும், கலங்கிய நீரைச் சுத்திகரிப்பதும், கொள்ளளவு குறைந்த நீர்த்தேக்கமும் அந்தக் கணக்கில் வராமல் கீழே இருப்பவர்கள் தலையில் விழுகின்றன. அவர்கள் உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை.

ஒப்பந்ததாரருக்குக் கடைசியாகப் பணம் தரும் இறுதிப் பட்டியலைப் பற்றி ஒன்று. அந்த வட்டாரத்தின் கலைக்கப்படாத நிலத்தில் இயல்பாக உள்ள செடி கொடி மூடாக்கில் 70 சதவீதமாவது வெளிப்பட்ட மண்ணில் சீராகப் பிடித்திருப்பதைக் குறைந்தபட்ச அளவாக அமெரிக்கப் பொது அனுமதி கொள்கிறது. அந்த அளவு வரும்வரை, ஒப்பந்ததாரருக்குத் தராமல் பிடித்துவைத்த தொகையில் ஒரு பகுதியை விடுவிக்காதீர்கள். செடி பிடித்த பிறகு தடுப்புத் துணிகள் கம்பத்தோடு பிடுங்கப்பட வேண்டும், குட்டையின் வண்டல் அள்ளப்பட வேண்டும், இறுகிய தற்காலிகப் பாதைகள் ஆழ உழப்பட்டு, முதலில் வழித்து மூடிவைத்த மேல்மண் அவற்றின் மேல் திரும்பப் பரப்பப்பட வேண்டும். இவை முடிந்ததற்கான சான்றிதழில் தளப் பொறியாளரோடு, ஆவணத்தைத் தயாரித்தவரும் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று அடுத்த ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தள ஆய்வுப் பணியில் உள்ள ஒருவர்